முன்னுரிமைக்கு முந்நூறு பக்கம் எதற்கு?

அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டீபன் கோவி 1989இல் எழுதிய ‘செவன் ஹேபிட்ஸ்’ நூலைத் தெரியாத புத்தகக் கடைக்காரர் தமிழ்நாட்டில் அநேகமாக இருக்க மாட்டார். அதன் தமிழ் மொழிபெயர்ப்பும் கடைகளில் கிடைக்கிறது. அந்த நூல் சொல்லும் ஏழு பழக்கங்களில் மூன்றாவது, முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்வது. அங்கே அதற்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஓர் அத்தியாயம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1994இல், ரோஜர் மெர்ரில், ரெபெக்கா மெர்ரில் தம்பதியுடன் சேர்ந்து அந்த ஓர் அத்தியாயத்தை முந்நூறு பக்கங்களைத் தாண்டும் தனி நூலாக விரித்தார் கோவி. ‘ஃபர்ஸ்ட் திங்ஸ் ஃபர்ஸ்ட்’ என்பது அதன் பெயர். நேரம் போதவில்லை என்று தவிப்பவருக்காக எழுதப்பட்ட புத்தகத்தைப் படித்து முடிக்கவே ஏராளமான நேரம் தேவைப்படுகிறது என்பதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால், அந்த நீளம் அந்த நூலின் போதனைக்கே எதிராக வேலை செய்கிறது. முன்னுரிமை என்பது புரிந்துகொள்வதற்கு எளிது, கடைப்பிடிப்பதற்குக் கடினம். இவ்வகை நூல்கள் தங்கள் பக்கங்களில் பெரும்பங்கை எளிதான அந்தப் பாதிக்கே செலவிடுகின்றன.

நூலின் மையக் கருத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. அதன் வேர், அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரில் ஆற்றிய உரையில் இருக்கிறது. தனக்கு முன்னால் வரும் பிரச்சினைகளில் அவசரமானவை ஒரு வகை, முக்கியமானவை இன்னொரு வகை என்றும், அவசரமானவை முக்கியமாக இருப்பதில்லை, முக்கியமானவை அவசரமாக வருவதில்லை என்றும் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாக அவர் அங்கே குறிப்பிட்டார். கோவி அதை நான்கு கட்டங்களாக வரைந்தார். அவசரமும் முக்கியமும் சேர்ந்தது முதல் கட்டம்: வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி, நாளை கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணம். அவசரமில்லாத முக்கியம் இரண்டாம் கட்டம்: ரத்த அழுத்தப் பரிசோதனை, பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் தேர்வுக்குப் படிப்பது. முக்கியமில்லாத அவசரம் மூன்றாவது: ஓயாமல் அடிக்கும் கைபேசி. இரண்டுமில்லாதது நான்காவது. இரண்டாம் கட்டத்துக்கு நேரம் ஒதுக்கினால் முதல் கட்டத்தின் நெருக்கடிகள் குறையும் என்பதே பாடம். நல்ல பாடம்தான். இந்தப் பத்திக்குள் அது முழுமையாக அடங்கியும் விட்டது.

மீதிப் பக்கங்களில் என்ன இருக்கிறது? நேர மேலாண்மையின் நான்கு தலைமுறைகள், மனிதனின் நான்கு அடிப்படைத் தேவைகள், மனிதனுக்கு வாய்த்த நான்கு உள்ளாற்றல்கள், வாரத்தைத் திட்டமிட ஆறு படிகள், அவசரத்துக்கு அடிமையாகிவிட்டோமா என்று நம்மை நாமே சோதிக்கும் வினாப்பட்டியல், வாழ்க்கையின் குறிக்கோளை எழுதிவைக்க ஒரு பயிற்சி, நேர மேலாண்மை நூல்களைப் பற்றிய ஒரு பின்னிணைப்பு. இவற்றுக்கு நடுவே மூன்று ஆசிரியர்களும் சொல்லும் அனுபவக் கதைகள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பயனற்றது அல்ல. ஆனால், வாசகர் ஒரு பட்டியலை மனத்தில் இருத்துவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. நான்காவது தலைமுறையா, நான்காவது கட்டமா, நான்காவது தேவையா என்று குழம்பாமல் நூறு பக்கம் தாண்டுவது கடினம். எதை முதலில் வைப்பது என்று சொல்லித்தர வந்த நூல், தன் கருத்துகளில் எது முதலாவது என்பதைத் தேடும் வேலையை வாசகரிடமே விட்டுவிடுகிறது.

நேரக் கணக்கையும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் புனைவல்லாத நூல்களை மௌனமாகப் படிப்பவரின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மார்க் பிரைஸ்பர்ட் என்ற உளவியலாளர் 2019இல் கணக்கிட்டார். ஒரு லட்சம் சொற்கள் கொண்ட நூல் என்றால் அந்த வேகத்தில் ஏழு மணி நேரம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு இரண்டு வாரம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவருக்கு இன்னும் கூடும். பயிற்சிகளை ஆசிரியர்கள் விரும்பியபடி எழுதிச் செய்தால் அது மாதக்கணக்கு. இந்த நேரம் வானத்திலிருந்து வருவதில்லை. இரண்டாம் கட்டத்து வேலைகளுக்காக வாசகர் தேடிக்கொண்டிருக்கும் அதே அரை மணி நேரத்திலிருந்துதான் இதுவும் எடுக்கப்படுகிறது.

அந்த நேரத்தைக் கொடுத்தால் பலன் கிடைக்கும் என்றால் குறைசொல்ல இடமில்லை. சிக்கல் எங்கே என்பதை ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. மெங் ஜூ, யாங் யாங், கிறிஸ்டோபர் ஷீ ஆகிய மூவரும் 2018இல் ‘ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்றவர்களுக்கு இரண்டு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தரப்பட்டது. ஒன்றுக்குக் கெடு நெருக்கத்தில் இருக்கும், பலன் குறைவு. மற்றொன்றுக்குக் கெடு தூரத்தில் இருக்கும், பலன் அதிகம். அதிகப் பலன் தரும் வேலையைச் செய்ய எந்தத் தடையும் இல்லாதபோதும், கெடு நெருங்கிய வேலையை நோக்கியே பலர் சாய்ந்தார்கள். எது அதிகப் பலன் தரும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல, எதிரிலேயே எழுதியிருந்தது. ஓயாத வேலைக்காரர் என்று தம்மைக் கருதிக்கொள்பவர்களிடம் இந்தச் சாய்வு கூடுதலாக இருந்தது. முன்னுரிமை பற்றிய நூலை வாங்குபவர்களும் இவர்கள்தாம். முக்கியம் எது என்ற அறிவு இவர்களிடம் குறையவில்லை. தேர்ந்தெடுக்கும் நொடியில் அந்த அறிவு கைகொடுக்காமல் போகிறது. அப்படியிருக்க, அந்த அறிவையே மேலும் முந்நூறு பக்கங்களுக்கு ஊட்டுவதால் என்ன மாறும்?

மாற்றக்கூடியது எது என்பதற்கும் ஆய்வுகளில் பதில் உண்டு. தேர்ந்தெடுக்கும் வேளையில் இரு வேலைகளின் பலனும் கண்முன்னே எடுத்துக்காட்டப்பட்டபோது அவசரத்தின் ஈர்ப்பு தணிந்தது என்பது அதே ஆய்வின் முடிவு. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இந்தத் திசையையே காட்டுகிறது. ‘உடற்பயிற்சி செய்ய வேண்டும்’ என்ற பொதுவான தீர்மானத்தைவிட, ‘காலையில் காபி குடித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்புவேன்’ என்பதுபோல் எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவுசெய்த ஒற்றை வாக்கியம் செயலாக மாறும் வாய்ப்பு அதிகம் என்று அவர் விளக்கினார். ஆக, தேவைப்படும் உதவி அளவில் சிறியது. செயலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. கோவியின் நூலிலும் இந்த உதவி இருக்கிறது. வாரத்தைத் திட்டமிடும் ஆறு படிகள் அதற்கு வெகு அருகில் வருகின்றன. அவற்றை மட்டும் ஒரு சிறு கையேடாக அச்சிட்டிருந்தால் வாசகர் அதே வாரம் தொடங்கியிருப்பார்.

இந்த வகை நூல் பிறப்பிலேயே பருமனானது அல்ல. ஆங்கில நாவலாசிரியர் ஆர்னல்ட் பென்னட் 1908இல் எழுதிய ‘ஹவ் டு லிவ் ஆன் 24 அவர்ஸ் எ டே’, லண்டனில் காலையில் ரயிலேறி மாலையில் களைத்துத் திரும்பும் குமாஸ்தாவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பன்னிரண்டு சிறு அத்தியாயங்கள். சில மாலைகளிலேயே படித்துவிடலாம். சார்லஸ் ஹம்மல் 1967இல் அவசரத்தின் கொடுங்கோன்மை என்ற பொருளில் எழுதியது வெறும் சிறுவெளியீடு. கோவி பின்னர் சொன்னதன் சாரத்தில் பெரும்பகுதி அதில் இருக்கிறது. இன்றைய நிலை வேறு. ஒன்றே ஒன்றில் கவனம் வை என்று சொல்லும் கேரி கெல்லர், ஜே பாபசான் நூலும் (2013), தேவையற்றதை வெட்டு என்று சொல்லும் கிரெக் மெக்கியோன் நூலும் (2014) இருநூறு பக்கங்களுக்கு மேல் போகின்றன. வெட்டச் சொல்லும் நூலாவது வெட்டப்பட்டிருக்க வேண்டாமா?

இந்தப் பருமனுக்குக் காரணம் எழுத்தாளரின் சொல்லாசை மட்டுமல்ல. அறுபது பக்க வெளியீட்டுக்குப் பெரிய விலை வைக்க முடியாது. அலமாரியில் முதுகு தெரிய நிற்காது. பரிசாகக் கொடுத்தால் எடை போதாது. நூலோடு பயிலரங்கும் நாட்குறிப்பேடும் சேர்ந்து விற்கும்போது நூல் பாடப்புத்தகத்தின் உருவத்தை எடுக்கிறது. கோவியின் பயிற்சி நிறுவனம் 1997இல் நாட்குறிப்பேடுகள் விற்ற ஃபிராங்க்ளின் குவெஸ்ட் நிறுவனத்துடன் இணைந்து ஃபிராங்க்ளின்கோவி ஆனது. பதிப்பகத்துக்கும் பயிற்சி நிறுவனத்துக்கும் நீளம் லாபம். அதன் செலவு, வாசகரின் மாலை நேரத்தில் கழிகிறது. வியாபாரம் குற்றமல்ல. ஆனால், பக்கங்களின் எண்ணிக்கையை ஆழத்தின் அளவாக எடுத்துக்கொள்ளும் மயக்கத்திலிருந்து வாசகர் விடுபட வேண்டும்.

இங்கே கோவியின் பக்கம் நிற்பவர்கள் வலுவான ஓர் ஆட்சேபத்தை எழுப்புவார்கள். அவர் கடிகாரத்தையும் திசைகாட்டியையும் எதிரெதிரே வைத்துப் பேசியவர். எவ்வளவு விரைவாகப் போகிறோம் என்பதைவிட எந்தத் திசையில் போகிறோம் என்பதே கேள்வி என்றவர். அவருடைய நூலை மணிக்கணக்கால் அளப்பது, அவர் எதிர்த்த கடிகாரப் புத்தியையே அவர்மீது திருப்புவதாகாதா? வாழ்க்கையின் திசையைப் பற்றி நிதானமாக யோசிக்க வைக்கும் நூல் நீளமாக இருந்தால் என்ன? நியாயமான கேள்வி. ஆனால், யோசிக்க நேரம் வேண்டும் என்பதும் படிக்க நேரம் வேண்டும் என்பதும் ஒன்றல்ல. ரோமானிய அறிஞர் செனகா, வாழ்க்கையின் குறுகிய தன்மை பற்றி ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதியது இருபது சிறு பகுதிகள் கொண்ட ஒரு கட்டுரை. ரோமின் தானிய வழங்கலைக் கவனித்துவந்த பவுலினஸ் என்ற அதிகாரிக்காக, அதாவது தலைக்குமேல் வேலை உள்ளவருக்காக எழுதியது. ஒரே மாலையில் படித்துவிடலாம். பல மாதம் யோசிக்கலாம். திசையைக் காட்டும் நூலுக்கு இந்த விகிதமே பொருத்தமானது. முந்நூறு பக்க நூல் படிப்பதற்கே வாசகரின் ஓய்வு நேரத்தை எடுத்துக்கொண்டு, யோசிப்பதற்கு மிச்சம் வைப்பதில்லை.

கூறியது கூறல் கற்பித்தலின் ஓர் உத்தி, பல கதைகள் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தைக்கும் என்பது அடுத்த வாதம். மனத்தில் பதிய மறுபடி மறுபடி சொல்ல வேண்டும் என்பது உண்மை. ஆனால், நினைவாற்றலை முதன்முதலில் சோதனை வழியாக ஆராய்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே கண்டது, ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நன்றாகப் பதிகிறது என்பது. ஒரு நூலை வேகமாக முடித்துவிட நினைப்பவருக்கு நாற்பதாம் பக்கத்தில் சொன்னதே எழுபதாம் பக்கத்தில் வந்தால் சலிப்புதான் மிஞ்சும். அதையே வாரத்துக்கு ஒருமுறை படித்தால் நிலைமை வேறு. தமிழில் எம்.எஸ். உதயமூர்த்தி போன்றவர்கள் தன்னம்பிக்கைக் கட்டுரைகளை வார இதழ்களில் எழுதியபோது ஒரு கட்டுரைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வாரம் இருந்தது. படித்ததைச் செய்துபார்க்கவும், செய்யத் தவறியதை எண்ணிப்பார்க்கவும் அந்த வாரம் உதவியது. அந்த எழுத்தில் திரும்பக் கூறல் இருந்தது, பாரம் இருந்ததில்லை.

எல்லாவற்றையும் ஏன் படிக்க வேண்டும், வேண்டாததைத் தாண்டிப் போங்கள் அல்லது சுருக்கத்தைப் படியுங்கள் என்பவர்களும் உண்டு. புத்தகங்களைக் கால் மணி நேரத்தில் சொல்லிவிடும் செயலிகளும் காணொலிகளும் பெருகியிருப்பதே நீளம் வாசகருக்குப் பாரமாகிவிட்டதற்குச் சாட்சி. ஆனாலும் இது முழு விடையாகாது. எதைத் தாண்டலாம் என்று தெரிந்துகொள்ள அந்தத் துறையில் ஓரளவு தேர்ச்சி வேண்டும். அது இல்லை என்பதால்தான் ஒருவர் இந்த நூலையே வாங்குகிறார். அவருக்காக அந்தத் தேர்வைச் செய்துதருவது ஆசிரியரின் கடமை. அதை ஏதோ ஒரு செயலியின் தொகுப்பாளரிடம் விட்டுவிடுவது, கடமையைக் கைமாற்றிவிடுவதுதான்.

சுருக்கமாகச் சொன்னால் மட்டும் ஆட்கள் திருந்திவிடுவார்களா என்று கேட்கலாம். திருக்குறளில் காலமறிதல், வினைசெயல்வகை ஆகிய அதிகாரங்கள் இருக்கின்றன. ஆறப்போட்டுச் செய்ய வேண்டியதை ஆறப்போடு, ஆறப்போடக் கூடாததைப் போடாதே என்று ஏழு சீர்களுக்குள் சொல்லும் குறளும் உண்டு. அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாம் யாரும் அதனால் ஒழுங்காகிவிடவில்லை என்பது உண்மை. சுருக்கம் செயலுக்கு உத்தரவாதம் தராது. ஆனால், குறளைப் படித்து முடித்தவர் ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்டதாக எண்ணிக்கொள்வதில்லை. பெரிய நூல் அந்த எண்ணத்தைத் தருகிறது. கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி, வினாப்பட்டியலை நிரப்பி முடிக்கும்போது வாழ்க்கையில் பாதியைச் சீராக்கிவிட்ட திருப்தி வருகிறது. மேசையில் இருந்த கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, மருத்துவரிடம் போகவில்லை, பிள்ளையோடு பேசவில்லை. முக்கியமான வேலையைத் தள்ளிப்போட இதைவிடக் கண்ணியமான சாக்கு கிடைக்காது. பார்ப்பதற்கு இரண்டாம் கட்டத்து வேலைபோல் இருக்கும் இந்த வாசிப்பு, பல நேரங்களில் நான்காம் கட்டத்தின் வேலையைச் செய்கிறது.

இந்தச் செலவு எல்லோருக்கும் சமமாகவும் விழுவதில்லை. இந்தியாவில் 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அலுவலகமும் சமையலறையும் சேர்ந்து இழுக்கும் ஒரு பெண்ணுக்கு ஏழு மணி நேர வாசிப்பு என்பது பல வாரத் தூக்கத்தில் கடன் வாங்குவது. உதவியாளரும் ஓட்டுநரும் உள்ள நிர்வாகி அதை ஒரு விமானப் பயணத்தில் முடித்துவிடுவார். மூன்றாம் கட்டத்து வேலையை மறுக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு; மேலதிகாரியின் அழைப்பை எடுக்காமல் விட முடியாத கடைநிலை ஊழியருக்கு அது இல்லை. யாருக்கு இந்தப் பாடம் மிகவும் தேவையோ அவரால் நெருங்க முடியாத உருவத்தில் இந்த நூல்கள் இருக்கின்றன. நீளம் என்பது இங்கே நடையைப் பற்றிய புகார் மட்டுமல்ல; நூல் யாருக்காக எழுதப்படுகிறது என்பதைப் பற்றிய கேள்வி.

தமிழ்ப் பதிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் விற்ற பருமனான நூலை வரிக்கு வரி பெயர்த்து, அமெரிக்க நிர்வாகியின் கோல்ஃப் மைதானக் கதைகளையும் சேர்த்துத் தமிழில் இறக்குவதால், ஏற்கெனவே கடினமான வாசிப்பு இரட்டிப்புக் கடினமாகிறது. தமிழ் வாசகரின் வேலை, வீடு, கூட்டுக் குடும்பம், திருமண வீட்டு அழைப்புகள், ஊர்ப் பயணம் இவற்றை அறிந்த ஒருவர், இவற்றுக்கு நடுவே எதை மறுக்கலாம், எப்படி மனம் நோகாமல் மறுக்கலாம் என்று அறுபது பக்கத்தில் எழுதினால் அது பத்து மொழிபெயர்ப்புகளுக்குச் சமம். அதற்கு உரிய விலையைக் கொடுக்க வாசகரும் பழக வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று எடைபோட்டு வாங்கும் வரை, பதிப்பாளர் பக்கங்களைக் கூட்டிக்கொண்டேதான் இருப்பார்.

கோவியின் நூலையோ அதைப் போன்ற வேறொன்றையோ ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதை எறிய வேண்டியதில்லை. நான்கு கட்டங்கள் வரும் அத்தியாயத்தையும் வாரத் திட்டம் பற்றிய அத்தியாயத்தையும் படியுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, பல நாளாகத் தள்ளிப்போட்ட ஒரே ஒரு முக்கியமான வேலையை எழுதி, அதை எந்த நாளில், எத்தனை மணிக்கு, எங்கே செய்வீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வேலை முடியும்வரை மூன்றாவது அத்தியாயத்தைத் தொடாதீர்கள். முன்னுரிமையைப் பற்றிய நூலைப் பாதியில் மூடிவைத்துவிட்டு முன்னுரிமையான வேலைக்குப் போகிறவர்தான் அந்த நூலைச் சரியாகப் படித்தவர்.